எல்லையோரப் பள்ளிக்கு எந்த மாநிலத்துக் குடிமையியல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம் நெடுகத் தமிழ் பேசும் ஊர்கள். வீட்டில் தமிழ்த் தொலைக்காட்சி, டீக்கடையில் தமிழ் நாளிதழ், துணிமணி எடுக்கப் பொள்ளாச்சி. வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் சான்றிதழ் வாங்குவதும் மட்டும் கேரளத்தில். இதனால் இங்குள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு நடைமுறை பற்றித் தெரிந்ததில் பாதி தமிழ்நாட்டுச் செய்தியாக இருக்கிறது. செய்தி சரிதான், இங்கே செல்லாது என்பதுதான் சிக்கல்.

கிராமசபையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்திருக்கிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. கேரளத்தில் 1994-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். நாள் எதுவும் நிலையாகக் கிடையாது. கூட்ட வேண்டியவர் வார்டு மெம்பர். அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டத் தவறினால் அவர் பதவிக்கே ஆபத்து. ஆகஸ்ட் 15 வரட்டும் என்று காத்திருக்கும் எல்லையோரத் தமிழர், ஜூலையில் தம் வார்டில் நடந்த சபையைத் தவற விட்டுவிடுவார். வீட்டுக்கும் கழிப்பறைக்கும் கறவை மாட்டுக்கும் பயனாளிப் பட்டியல் அந்தச் சபையில்தான் முன்னுரிமை வரிசைப்படி இறுதியாகிறது. அந்த வரிசையைப் பஞ்சாயத்துக் கமிட்டி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. வராதவர் பெயர் பட்டியலில் கீழே போவதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை.

தலைவர் தேர்வும் அப்படியே. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே ஜெயித்த மெம்பர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிரசிடென்டாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஊரக வாக்காளர் கையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு வாக்குச்சீட்டுகள். இங்கே கிராமம், பிளாக், மாவட்டம் என்று மூன்று ஓட்டு, மூன்றும் இயந்திரத்தில். மூன்றில் ஒன்றுக்குப் போட விருப்பமில்லையென்றால் கடைசி இயந்திரத்தில் உள்ள ‘என்ட்’ பொத்தானை அழுத்திவிட்டு வர வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் இங்கே நோட்டா கிடையாது. பொத்தானை அழுத்தாமல் வெளியே வந்துவிட்டால் அந்த வாக்கு முடிவு பெறாமல் நிற்கும், அடுத்தவர் போட முடியாது, சாவடியில் சத்தம் கிளம்பும். பத்தாம் வகுப்பு மாணவிக்கு இது தெரிந்திருந்தால் வீட்டில் இருக்கும் பாட்டிக்குத் தெரிந்துவிடும்.

சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் என்ற முறையில் நாங்கள் முன்வைப்பது ஒன்றுதான். எல்லையோரத் தமிழ்ப் பிரிவுகளில் குடிமையியலை, பிள்ளையின் வீட்டு வாசலில் இருந்து எந்த அலுவலகத்துக்கு எந்த வழி போகிறது என்று கற்பிக்க வேண்டும். பாடநூலைக் கைவிடச் சொல்லவில்லை. கேரள அரசு தமிழிலும் நூல் அச்சிட்டுத் தருகிறது. பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73-ஆவது திருத்தம், அது நடைமுறைக்கு வந்த 1993 ஏப்ரல் 24 எல்லாம் அதில் படிக்கிறார்கள், தேர்வும் எழுதுகிறார்கள். அந்தத் திருத்தம் தங்கள் வார்டில் எந்த அறையில், எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பது மட்டும் விட்டுப்போகிறது.

முதல் பயிற்சிக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பள்ளியிலிருந்து வீடு வரை நடக்கும்போது கண்ணில் படும் பத்துப் பொதுப் பொருள்களை எழுதி, ஒவ்வொன்றும் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்துக்கு ஓடுவார்கள். பல்பு பஞ்சாயத்தின் பொறுப்பு, கம்பியில் வரும் மின்சாரம்தான் வாரியத்தின் பொறுப்பு. தார்ச்சாலை பொதுப்பணித் துறையுடையதா பஞ்சாயத்துடையதா என்பதைப் பார்வையில் சொல்ல முடியாது. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆஸ்தி ரிஜிஸ்டர் இருக்கிறது. தன் சாலைகளின் பெயர், நீளம், அகலம் அதில் இருக்கும். ஆசிரியர் முன்கூட்டிக் கடிதம் கொடுத்தால் அந்தப் பக்கங்களை மாணவர்கள் பார்க்கலாம். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பது இன்னும் ஒரு படி மேலே. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும் என்பது அதன் கணக்கு. மெம்பரைத் திட்டி அதில் ஆகப்போவது ஒன்றுமில்லை. மனு நீர்ப்பாசனத் துறைக்குப் போக வேண்டும், அதற்கு மேல் இரு அரசுகள் பேச வேண்டும். எந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரிவதே பாதிக் குடிமையியல்.

அடுத்தது மாதிரி கிராமசபை. பல பள்ளிகளில் இது ஆண்டு விழா நாடகம் போல நடக்கிறது. ஒருவர் வேட்டி கட்டித் தலைவராக உட்கார, நான்கு பேர் மனப்பாட வசனம் பேச, கைதட்டலோடு கலைகிறது. பயன் வேண்டுமென்றால் மூன்று பாடவேளை ஒதுக்க வேண்டும். முதல் வேளையில் அறிவிப்பு: நாள், நேரம், இடம், பேசப்போகும் பொருள்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. பொருள் எழுதாத அறிவிப்பு எவ்வளவு பயனற்றது என்பது அப்போதே புரியும். அத்துடன் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. கேரளத்தில் வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் வர வேண்டும். 1,240 வாக்காளர் என்றால் 124 பேர். தமிழ்நாட்டில் மக்கள்தொகையைப் பொறுத்து 50, 100, 200, 300 என்று படிநிலை. மாணவர்கள் தத்தம் வார்டின் வாக்காளர் எண்ணிக்கையை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டால், உண்மைச் சபையில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். வருகைப் பதிவேடு வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிப் போகும் வழக்கம் சில வார்டுகளில் உண்டு. அந்தக் கையெழுத்தைப் போடாதே என்று நாம் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பத்து சதவீதம் எதற்கு என்று தெரிந்த பிள்ளை வீட்டில் சொல்லிவிடும்.

இரண்டாவது வேளை கூட்டம். மூன்றாவது வேளை மினிட்ஸ் எழுதுவது. எங்கள் கருத்தில் இதுதான் மூன்றிலும் முக்கியம், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “குடிநீர்ப் பிரச்சினை தீர்க்கப்பட வேண்டும்” என்று தீர்மானம் எழுதினால் அதை யாரும் நிறைவேற்றவும் முடியாது, நிறைவேற்றவில்லை என்று கேட்கவும் முடியாது. “அங்கன்வாடிக்கு எதிரே உள்ள பொதுக்குழாயின் உடைந்த வால்வை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும்; செலவைப் பஞ்சாயத்தின் பராமரிப்புக் கணக்கில் எடுக்க வேண்டும்; செய்து முடித்ததைச் செக்ரட்டரி அடுத்த கிராமசபையில் தெரிவிக்க வேண்டும்” என்று எழுதினால் அது வேறு. எங்கே, என்ன, எந்தப் பணத்தில், யார், எத்தனை நாளில் ஆகிய ஐந்துக்கும் விடை இருக்கிறதா என்று ஒவ்வொரு தீர்மானத்தையும் மாணவர்களே திருத்தட்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்பதும் எழுத வேண்டும். எதிர்ப்பு பூஜ்யம் என்றால் அதையும் எழுத வேண்டும். எழுதிய கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் விடக்கூடாது. பிறகு யாரும் ஒரு வரி செருக இடம் கொடுக்கக்கூடாது அல்லவா.

இதை முடித்த வகுப்பை உண்மையான கிராமசபைக்குப் பார்வையாளராக அழைத்துப் போகலாம். மெம்பரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டமாகப் போனால் சபை பள்ளி விழாவாக மாறி, பேச வந்த பெண்கள் பேசாமல் திரும்புவார்கள். முந்தைய சபைத் தீர்மானங்களின் மேல் என்ன நடவடிக்கை என்று வாசிக்கப்பட்டதா என்பதை மட்டும் குறித்துவரச் சொன்னால் போதும்.

மனு எழுதுவது பற்றி. அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமும், மொழிச் சிறுபான்மையினர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று இடம் கொடுத்தது. இதை அறியாமல், கடைக்கு முன் உட்கார்ந்திருப்பவரிடம் காசு கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தகவல் உரிமை மனு வேறு சங்கதி. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1) பிரிவு ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்கிறது. ஆகையால் குறை மனுவைத் தமிழில் கொடுங்கள், தகவல் மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. மொழிக்காக வாதாடலாம்தான், ஆனால் வாதாடும் நேரத்தில் முப்பது நாள் போய்விடும்.

தகவல் மனுவில் நடக்கும் தவறுகள் மூன்று நான்குதான், திரும்பத் திரும்ப அதேதான். பொள்ளாச்சியில் வாங்கிய கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி அனுப்புவார்கள். அது தமிழ்நாட்டு ஸ்டாம்ப், கேரள அலுவலகத்தில் செல்லாது. பத்து ரூபாய்க் கட்டணம் கட்டவில்லை என்று மனு நிற்கும். அடுத்து, “ஏன் எங்கள் தெருவுக்கு விளக்குப் போடவில்லை?” என்று கேட்பார்கள். சட்டம் தருவது பதிவேட்டில் உள்ள தகவலை, விளக்கத்தை அல்ல. “2024–25 நிதியாண்டில் இந்த வார்டுக்கு வாங்கிய தெருவிளக்குகளின் பில் நகல், எந்தெந்தக் கம்பத்தில் பொருத்தினார்கள் என்ற பட்டியலின் நகல்” என்று கேட்டால் மழுப்ப இடமில்லை. எதற்குக் கேட்கிறேன் என்று காரணம் எழுதத் தேவையில்லை, எழுதவும் வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் கோபத்தோடு புதிய மனு எழுதி, முறையீட்டுக் கெடுவைத் தவற விடுகிறார்கள். சட்டம் குடிமக்கள் என்றுதான் சொல்கிறது, வயது சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பே ஆண்டுக்கு ஒரு மனு எழுதிப் பழகலாம். எந்த மனுவானாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வர வேண்டும். கேரளத்தின் இணையச் சேவை மையமான அட்சயா மையத்தில் கணினி வழியே போட்டால் விண்ணப்ப எண் வரும் தாளை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது.

வாக்காளர் பட்டியல்தான் எல்லையில் மிகச் சிக்கலான பாடம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு உள்ளவர்கள் இரண்டு மாநிலப் பட்டியலிலும் பெயர் வைத்திருப்பது ஊரறிந்தது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாது என்கிறது. பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. கல்யாணமாகி, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் உள்ள கோபாலபுரம் பக்கமிருந்து இங்கே வரும் பெண், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தால் பழைய பெயர் அங்கேயே நிற்கும். அவர் கொடுக்க வேண்டியது இடமாற்றத்துக்கான படிவம் 8. இன்னொன்று, சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்தால் பஞ்சாயத்துப் பட்டியலிலும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கேரளத்தில் இரண்டும் தனித்தனி. முதலாவது இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது, பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார். இரண்டாவது மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது, கிராமப் பஞ்சாயத்து செக்ரட்டரியே பதிவு அலுவலர். 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளை மறுவரையறை செய்ததில் பல வீடுகளின் வார்டு மாறியிருக்கிறது, அதையும் சரிபார்க்க வேண்டும். பதினேழு முடிந்த மாணவர்கள் சட்டமன்றப் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள். 2018-இல் தேர்தல் ஆணையம் தொடங்கிய தேர்தல் கல்வி மன்றங்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கானவை. தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 அன்று உறுதிமொழி எடுத்துக் கலைவதோடு நிற்காமல், ஒவ்வொரு உறுப்பினரும் தம் தெருவில் இருபது வீட்டின் பெயர்களை இரு பட்டியலிலும் ஒத்துப் பார்ப்பது என்று வைத்தால் மன்றத்துக்கு வேலை கிடைக்கும்.

பள்ளிப் பார்லிமென்ட் தேர்தல் கேரளத்தில் நல்ல வழக்கம். மடிக்கணினியில் ஓட்டுப் போடுவது இப்போது பரவியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் குஷிதான், ஆனால் எண்ணுவதை யாரும் பார்ப்பதில்லை, திரையில் முடிவு வந்து நிற்கிறது. தாள் சீட்டே மேல் என்பது எங்கள் கட்சி. ஒரு சீட்டில் இரண்டு பெயருக்கு நடுவே முத்திரை விழுந்திருக்கும்; செல்லுமா செல்லாதா என்று முகவர்கள் வாதாடும் அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் கற்பதை எந்தப் பாடமும் தராது. அதைவிட, ஜெயித்தவருக்குச் செய்ய வேலை வேண்டும். நூலக நேரம், கழிப்பறைச் சுத்தத்தின் தினசரிக் குறிப்பு, விளையாட்டுப் பொருள் கணக்கு என ஏதாவது ஒன்றை உண்மையாகவே ஒப்படைக்காவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் போட்டியிட மாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயம் உண்டு: கிராமசபை, மனு என்று பேசினால் கட்சி அரசியல் வகுப்புக்குள் வந்துவிடுமோ என்று. கேரளத்தில் அது வீண் பயமும் அல்ல. கட்சிப் பெயர் சொல்லாமல் பதவியின் பெயர் சொல்லிப் பேசுவது என்று முதல் நாளே வகுப்பில் முடிவு செய்துகொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பட்டிமன்றம் வைத்தால் அவரவர் நம்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் கொடுங்கள். அக்கம்பக்கத்து எடுத்துக்காட்டே போதும்: பிளாச்சிமடை பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. நிலத்தடி நீர் குறைகிறது என்று 2003 ஏப்ரலில் அந்தப் பஞ்சாயத்து கொக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2003-இல் சொன்னதும் பெஞ்ச் 2005-இல் சொன்னதும் ஏன் வேறுபட்டன என்று ஒரு வாரம் நடத்தலாம். உலகம் முழுக்கப் பேசிய வழக்கை அதன் பக்கத்துப் பள்ளியில் இரண்டு வரியில் கடந்து போகலாமா?

பயிற்சிக்குச் செல்ல வேண்டிய மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஆனக்கரையில், மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. தமிழ்ப் பிரிவு ஆசிரியர்களுக்கு விடுமுறைப் பயிற்சியில் இரண்டு நாளைச் சித்தூரிலேயே ஒதுக்கி, ஒரு நாள் முழுக்கப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவேடுகளோடு உட்கார வைக்க வேண்டும். மெம்பர்களுக்குப் பயிற்சி தரும் திருச்சூர் ‘கிலா’ நிறுவனம், அதே பாடத்தை எல்லையோர மெம்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தமிழில் சேர்த்து நடத்தலாம்.

பெரியவர்களைக் கூட்டம் போட்டு அழைத்தால் வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்குப் போக வேண்டும். கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தது; சிட்டுப் பணம் எண்ணி முடித்தபின் பதினைந்து நிமிடம் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும்: இந்த முறை படிவம் 8, அடுத்த முறை பத்து சதவீதம். எழுத்துப் பலகை, பேச்சாளர், பொன்னாடை எதுவும் வேண்டாம். வாசகசாலைகளிலும் இதைச் செய்யலாம், தமிழ் நாளிதழ் போடும் வாசகசாலை இங்கே நிறைய.

கடைசியாகத் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். அரசுத் திட்டம், சான்றிதழ், விண்ணப்பக் கெடு பற்றிய செய்திகளில் “தமிழ்நாட்டில்” என்ற சொல்லை முதல் வரியிலேயே சேருங்கள். பொதுவாக “அரசு அறிவித்துள்ளது” என்று வந்தால், இங்குள்ள வாசகர் அதை வெட்டி எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசில் போய் நிற்கிறார். இரண்டாவது, எல்லையோரப் பதிப்பில் வாரம் ஒரு சிறு பெட்டி, பத்து வரி போதும்: சித்தூர் தாலுகாப் பஞ்சாயத்துகளில் வரும் வாரம் எந்த வார்டில், எத்தனை மணிக்கு, எங்கே கிராமசபை என்று. அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதி, வியாழன் மாலைக்குள் தங்கள் நிருபரிடம் சேர்ப்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் செய்முறைப் பணியாக வைத்துக்கொள்ள நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தமிழ்ப் பிரிவு சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.